கொட்டாஞ்சேனை மேட்டில் ஒரு பகல்

நாங்கள் சைவர்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்தான். தாலிக்கொடி கைமறதியாகத் தொலைந்தாலும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அம்மா அங்கே மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்துவிடுவார். கல்கிசையில் ரெயிலேறிக் கோட்டையில் இறங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு புறக்கோட்டைச் சனத்துக்குள் நடந்து போன பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கோயிலுக்குள் குண்டு வெடித்த அந்தக் காலையோடு எங்கள் செவ்வாய்க்கிழமைகள் நின்றுபோயின. கடற்படையினர் முன்னின்று திருத்த, இரண்டு மாதம் ஆவதற்குள் ஜூன் 12ஆம் திகதியே கோயில் மீண்டும் திறக்கப்பட்டது. எனக்குத்தான் கால் எழவில்லை. கோயிலை மட்டுமல்ல, கொட்டாஞ்சேனை முழுவதையுமே மனம் ஒதுக்கி வைத்தது. உறவுக்காரர் கலியாணம் அந்தப் பக்கத்து மண்டபத்தில் என்றால் ஏதாவது சாட்டுச் சொல்லி நின்றுவிடுவேன். வருடக்கணக்காக இப்படியே போனது.

போன வருடம் அம்மா ஒரு நேர்த்தியை நினைவுபடுத்தினார். “எனக்கு முழங்கால் ஏலாது பிள்ளை. நீ போய் ஒரு திரி ஏத்திப்போட்டு வா.” மறுக்க முடியவில்லை. நேரே கொச்சிக்கடைக்குப் போய் இறங்கவும் தைரியம் வரவில்லை. மேட்டின் உச்சியில் தொடங்கி, ஊரைப் பார்த்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே இறங்குவோம் என்று முடிவெடுத்தேன். 

அந்த யோசனை பலெர்மோவில் இருக்கும் மச்சானிடமிருந்து வந்தது. சிசிலித் தீவின் அந்த நகரில் நம்மவர்கள் நிறையப் பேர். சைவர்களும்கூட பெல்லெகிரினோ மலையேறிப் புனித ரோசாலியாவை வணங்கிவிட்டு வருவார்கள். விடுமுறையில் ராகுசா, மோதிக்கா, நோட்டோ என்ற மேட்டு ஊர்களைச் சுற்றிய மச்சான் படங்கள் அனுப்பியிருந்தார். 1693 நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி, பரோக் பாணியில் புதிதாக எழுந்த ஊர்கள் அவை. படிக்கட்டுகள், வளைந்து நெளிந்த கல் முகப்புகள், உச்சியில் ஒரு கோயில், இடையிடையே சாப்பாட்டுக் கடைகள். காலையில் ஏறத் தொடங்கி, பசித்த இடத்தில் உண்டு, பொழுது சாய இறங்குவதுதான் அங்கே ஊர் பார்க்கும் முறையாம். கொழும்பில் அப்படி ஒரு மேடு எது என்று யோசித்தால் கொட்டாஞ்சேனைதான் முன்னால் வந்து நின்றது. எங்கள் கல்கிசைக் குன்றிலும் ஆளுநர் மாளிகையாக இருந்த கட்டடம் உண்டு. இப்போது அது ஹோட்டல். கொட்டாஞ்சேனை மேட்டில் சாதாரணச் சனம் வாழ்கிறது.

செட்டியார் தெருவில் நகைக்கடைகள் கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்விட்டேன். கதிரேசன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஒரு சைவக் கடையில் தோசையும் சம்பலும். பித்தளைத் தம்ளரில் வந்த கோப்பியைக் குடித்து முடித்ததும்தான் மேடேறத் துணிவு வந்தது.

வொல்பெண்டால் தேவாலயம் உச்சியில் நிற்கிறது. ஒல்லாந்தர் 1749இல் அடிக்கல் நாட்டி 1757இல் திறந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு ஒருகாலத்தில் அது அடையாளம். சிலுவை வடிவக் கட்டடம். ஐந்து அடிக்குக் கிட்டத்தட்டத் தடித்த சுவர்கள். கையை வைத்துப் பார்த்தேன். வெயிலேறிய வேளையிலும் சுண்ணாம்பு குளிர்ந்திருந்தது. தரையெல்லாம் கல்லறைக் கற்கள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயம் கைவிடப்பட்டபோது, அங்கே கிடந்தவற்றை 1813இல் இங்கே கொண்டுவந்து பதித்தார்களாம். ஒரு கல்லில் செதுக்கிய கப்பலின் பாய்மரம் பாதி தேய்ந்து கிடந்தது. முந்நூறு வருடங்களில் எத்தனை காலடிகள் பட்டிருக்கும்! அந்தக் கல்லருகே நெடுநேரம் குந்தியிருந்தேன்.

1656இல் கொழும்பைப் பிடித்த இதே ஒல்லாந்தர்தான் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தவர்கள். குருமாருக்கு இடம் கொடுப்பதே குற்றம். கோவாவிலிருந்து 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகள் ஒளிந்து ஒளிந்து பூசை செய்தார். 2015இல் காலிமுகத் திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். கொச்சியிலிருந்து வணிகர் வேடத்தில் வந்த அந்தோனியோ என்ற குரு கரையோர மீனவர்களின் குடிசைக்குள் பதுங்கினார் என்றும், ஊரைக் கடல் அரித்தபோது அவர் சிலுவை நட்டுச் செபிக்கக் கடல் பின்வாங்கியது என்றும் வழிவழிக் கதை. அந்த இடத்தில்தான் 1834இல் இன்றைய அந்தோனியார் கோயில் நிறைவுபெற்றது. ஒளித்துவைத்த சிலுவையிலிருந்து எழுந்த கோயில்! இதை எண்ணியபோது என் நெஞ்சில் ஏதோ இளகத் தொடங்கியது.

அங்கிருந்து லூசியா பேராலயம். ஊரில் பரோக்குக்குக் கிட்டிய கட்டடம் இதுவே. தடித்த தூண்கள், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கும்மட்டம். 1870களில் தொடங்கிப் பல வருடங்களாகக் கட்டினார்கள். லூசியாவும் சிசிலிக்காரிதான், சிரக்கூசாவில் பிறந்தவர், கண்ணுக்குக் காவல் என்று நம்பப்படுபவர். டிசம்பர் 13இல் அவர் திருநாள். அன்றைக்குச் சிசிலியில் ரொட்டி தொடாமல் அவித்த கோதுமையை உண்பார்கள் என்று மச்சான் சொல்லியிருக்கிறார்.

இந்த வீதியும் இரத்தம் பார்த்ததுதான். 1883 உயிர்த்த ஞாயிறன்று, மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலம் இந்தப் பேராலயத்துப் பக்கம் வந்தபோது மோதல் வெடித்தது. அதன் பின் எழுந்த கிளர்ச்சியின் விளைவாகத்தான் 1885இல் வெசாக் நாள் பொது விடுமுறையானது. பேராலயமும் விகாரையும் இன்றும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன.

பசி எடுத்தது. ஜம்பட்டா வீதிப் பக்கம் மூன்று மேசை போட்ட சின்னக் கடை ஒன்று. கோயிலுக்குப் போகுமுன் மச்சம் தொடுவதில்லை. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், அப்பளம் கேட்டேன். கடைக்கார அக்கா முதலில் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். “வெயிலுக்கை ஏறி வந்திருக்கிறியள் தங்கச்சி, முதல்ல இதைக் குடியுங்கோ.” பேச்சுவாக்கில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டுவிட்டேன். சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார். “சத்தம் கேட்டவுடனை அடுப்பை நூத்துப்போட்டு ஓடினன். ஊரடங்கு எடுத்ததும் வந்து மூட்டிட்டன். பக்கத்து வீட்டிலை செத்தவீடு. அந்தச் சனத்துக்கு ஆர் சமைக்கிறது?” அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை, என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி பருப்பை ஊற்றினார்.

வருடக்கணக்காக நான் செய்தியில் பார்த்த கொட்டாஞ்சேனைக்குத்தான் பயந்திருந்தேன். இந்த அக்கா அதே கொட்டாஞ்சேனையில் மூன்று வேளையும் அடுப்பெரித்துக்கொண்டிருந்திருக்கிறார். பயம் யோசித்துப் போகாது, அந்த மண்ணில் நடந்து, அங்குள்ள ஒருவர் கையால் சாப்பிட்டால்தான் போகும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். எனக்கு அப்படித்தான் போனது.

பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குள் நுழைந்தால் உடம்பு சட்டென்று குளிரும். பொன்னம்பல முதலியார் 1856இல் கட்டிய கோயிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912 வரை முழுக் கருங்கல்லில் மீண்டும் எழுப்பினார். வர்ணப் பூச்சு கண்ணைப் பறிக்காத கோயில். எண்ணெய்ப் பிசுக்கேறிய கருந்தூண்களில் விளக்கொளி மட்டும் வழிகிறது. கொழும்பில் எனக்கு இதைவிடப் பிடித்த கட்டடம் இல்லை.

அதன் பிறகு கொச்சிக்கடைக்குப் போன சில நிமிட நடையில் கால் தயங்கவில்லை. வாசலில் பையைச் சோதித்தார்கள். உள்ளே பொட்டு வைத்தவர்கள், முக்காடிட்டவர்கள், வெள்ளை உடுத்த சிங்கள ஆச்சிமார் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அம்மாவின் திரியை ஏற்றினேன். இறந்தவர்களுக்காக இன்னொன்று ஏற்றினேன். வெளியே வந்து கடலை வாங்கினேன். கடுகும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, தேங்காய்ச் சொட்டு போட்டுப் புரட்டி, கொப்பித் தாளில் செய்த சுருளுக்குள் சுடச்சுடக் கொட்டித் தந்தார் கடலைக்காரர். மச்சானுடைய சிசிலியில் அவித்த கோதுமை, எங்களுக்கு அவித்த கடலை. திரும்பும் வழியில் விரதம் முடிந்த கணக்கில் இரண்டு இறால் வடையும் சாப்பிட்டேன்.

கொழும்பில் இருந்துகொண்டே என்னைப் போல அந்தப் பக்கத்தை ஒதுக்கி வைத்திருக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பகலை ஒதுக்குங்கள். வாகனத்தில் போய்க் கும்பிட்டுவிட்டு உடனே திரும்பாமல், வொல்பெண்டாலில் தொடங்கிக் கொச்சிக்கடை வரை நடந்தே இறங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டாம்; அந்த மேட்டிலேயே ஏதாவது ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.