முட்டை போடுவீங்களா அண்ணே?

எங்க கேங்குல மொத்தம் ஏழு பேர். ஆறு பேருக்கு பிரியாணி, ஒருத்தனுக்குத் தயிர்சாதம். அவனோட பட்டப்பேரும் அதுதான்!

ட்ரீட்டுனு கிளம்பினா, கிழக்குத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஏதாவது ஒரு பிரியாணிக் கடையிலதான் போய் விழுவோம். நாங்க லெக் பீஸுக்கு அடிச்சுக்க, என் ரூம்மேட்டான தயிர்சாதம் மட்டும் பிரெட் அல்வாவையும் வெங்காயப் பச்சடியையும் வெச்சு ஒப்பேத்துவான். பில் வந்தா ஏழால வகுத்து அவன்கிட்டயும் சமமா வசூல் பண்ணிடுவோம். 'பரவால்ல மச்சி'ம்பான். நாங்களும் பரவாயில்லைன்னே விட்டுட்டோம்.

போன வருஷம் அவனோட பர்த்டே. நடுராத்திரி, ஹாஸ்டல் ரூம், மெழுகுவத்தி, முகமெல்லாம் க்ரீம்... எல்லா சம்பிரதாயமும் உண்டு. வாயில வைக்கிறதுக்கு முன்னாடி, ''முட்டை இல்லாததுதானே?''ன்னான். ''பக்கா வெஜ்டா!''ன்னு அடிச்சு விட்டேன். கேக் வாங்கினது நான். கடையில அப்படி ஒரு கேள்வியே நான் கேட்கலைங்கறதுதான் நிஜம்.

காலையில ரூமைப் பெருக்கும்போது, கேக் டப்பாவுல இருந்த ஸ்டிக்கரைப் பார்த்துட்டான். சதுரத்துக்குள்ள பழுப்பு முக்கோணம். அசைவத்துக்கான அடையாளம். திட்டுவான்னு நினைச்சேன். திட்டலை. ''ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?''ன்னு மட்டும் சொன்னான். ரெண்டு நாள் பேச்சே இல்லை. அதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

மூணாவது நாள் நானே போய் நின்னேன். ''இனிமே ஒவ்வொரு சனிக்கிழமையும் நாம ரெண்டு பேரும் மட்டும். ஆளுக்கு நூறு ரூபாய். நீ நிம்மதியா சாப்பிடற கடையா தேடுவோம்''னேன். கொஞ்ச நேரம் முறைச்சுப் பார்த்துட்டு செருப்பை மாட்டினான்.

ஸ்டேஷன் கிழக்கு வாசல்ல ஆரம்பிச்சு சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம்னு வாரம் ஒரு ஏரியா. ரெக்கார்டு நோட்டோட கடைசிப் பக்கத்துல லிஸ்ட். முதல் வாரமே ஒரு ஞானம் வந்துச்சு... நாங்க கேட்ட கேள்வியே தப்பு!

''வெஜ்ஜா அண்ணே?''ன்னு கேட்டா எல்லாக் கடையிலயும் ''ஆமாம் தம்பி''தான். அவங்க பொய் சொல்லலை. கறியும் மீனும் இல்லைன்னா அது வெஜ்தான்னு நினைக்கிறவங்க நிறைய. ஆனா நம்ம நாட்டுச் சட்டப்படி பால் சைவம், முட்டை அசைவம். அதனால நேரா, ''முட்டை போடுவீங்களா அண்ணே?''ன்னு கேட்டாத்தான் நேரான பதில் வரும்.

அப்படிக் கேட்க ஆரம்பிச்சதும் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. வெஜ் பஃப்ஸுக்குள்ள உருளைக்கிழங்குதான். ஆனா மேல பளபளன்னு தெரியறதுக்கு, சில கடைகள்ல முட்டையை அடிச்சுத் தடவி ஓவன்ல வைக்கிறாங்க. சில கடைகள்ல பால் தடவறாங்க. வெஜ் ஃப்ரைடு ரைஸ் வெஜ்தான், ஆனா இப்பத்தான் சிக்கன் ரைஸ் வதக்கின அதே கடாய், அதே கரண்டி. நைட்டு இட்லிக் கடையில ஆம்லெட் போட்ட கல்லுலயே அடுத்த தோசை. சில கடைகள்ல நான், பரோட்டா மாவுலகூட முட்டை. தூத்துக்குடி மக்ரூனோ முந்திரி, சர்க்கரை, முட்டையோட வெள்ளைக்கரு. ''ஊருக்குப் போறப்பல்லாம் வாங்கிட்டு வந்து எனக்கும் ஆசையா ஊட்டுவியேடா!''ன்னு தலையில அடிச்சுக்கிட்டான்.

நல்ல சேதியும் உண்டு. ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு சின்ன பேக்கரியில கண்டென்ஸ்டு மில்க்கும் தயிரும் சேர்த்து முட்டை இல்லாத கேக் பண்றாங்க. தனி ட்ரே, தனி கத்தி. விலை கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா பஞ்சு மாதிரி இருக்கு. சேலையூர்ல ஒரு அக்கா தள்ளுவண்டியில போடற குழிப்பணியாரத்துக்கு என் பிரியாணியையே எழுதிக் கொடுப்பேன்.

லிஸ்ட்ல நம்பர் ஒன் எது தெரியுமா? 'சுத்த சைவம்' போர்டு போட்ட கடை இல்லை. கேம்ப் ரோட்டுல ஒரு பரோட்டாக் கடை! வழக்கமான கேள்வியைக் கேட்டோம். மாஸ்டர் எங்க ரெண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். ''மாவுல முட்டை கிடையாது. கல்லுலதான் இப்ப கொத்து போட்டேன். அஞ்சு நிமிஷம் இரு தம்பி''ன்னார். தண்ணி ஊத்தித் தேய்ச்சு, துடைச்சு, புது எண்ணெய் விட்டு நாலு பரோட்டா போட்டார். தொட்டுக்கச் சால்னா தராம, வீட்டுலேர்ந்து அவருக்கு வந்திருந்த தக்காளித் தொக்கைக் கொடுத்தார்.

அங்கே வெச்சுத்தான் நான் கேட்டேன். ரெண்டு வருஷமா ஒரே ரூம். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ''உங்க வீட்டுல யாருமே சாப்பிட மாட்டாங்களாடா?''

சிரிச்சான். ''எங்கப்பா கறிக்கடை வெச்சிருக்கார் மச்சி.''

பரோட்டா என் தொண்டையிலயே நின்னுச்சு.

''ஞாயித்துக்கிழமை நானும் கடையில நிப்பேன். ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒருநாள் திடீர்னு சாப்பிட முடியலை. ஏன்னு சொல்லத் தெரியலை. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயம். அந்தக் கடைதானே என்னைப் படிக்க வைக்குது? ஆனா அவர் ஒண்ணுமே கேட்கலை. மறுவாரம் எனக்குன்னு தனியா ஒரு சட்டி வாங்கிட்டு வந்து அம்மாகிட்ட கொடுத்தார். நீங்க தயிர்சாதம்னு கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சட்டிதான் ஞாபகம் வரும்!''

ஆட்டை அறுத்து விற்கிற ஒருத்தருக்கு, மகனுக்குத் தனிச் சட்டி வாங்கத் தோணியிருக்கு. முகம் தெரியாத ஒரு மாஸ்டருக்குக் கல்லைக் கழுவத் தோணியிருக்கு. கூடவே படுத்து எழுந்திருக்கிற எனக்கு, கடையில ஒரு கேள்வி கேட்கத் தோணலை.

இப்பல்லாம் கேங்குல அவனை நிஜப் பேர் சொல்லித்தான் கூப்பிடறோம். ட்ரீட்டும் மாசத்துல ரெண்டு தடவை லிஸ்ட்ல இருக்கிற கடையிலதான். இந்த வருஷ பர்த்டேக்கு ராஜகீழ்ப்பாக்கம் பேக்கரியில ஒரு கிலோ ஆர்டர் கொடுத்தேன். ''முட்டை போடுவீங்களா அண்ணே?''

''மூணாவது தடவையா கேட்கறே தம்பி!''ன்னார்.

கேட்டா என்ன... கேட்போமே!