குச்சனூர் டு ரிச்சி ஸ்ட்ரீட்: கேமிங் லேப்டாப்பையும் பல்லைப் பிடிச்சுப் பார்த்து வாங்குங்க!

சனிக்கிழமை என்றாலே குச்சனூருக்குத் தனிக் களை வந்துவிடும். சின்னமனூர் பக்கமிருந்து வரும் பஸ்களில் நிற்க இடம் கிடைக்காது. சுரபி நதியில் காலை நனைத்துக்கொண்டு, கையில் எள் தீபத்தோடு சுயம்பு சனீஸ்வரர் சன்னதியை நோக்கி மக்கள் நடப்பார்கள். மஞ்சள் காப்பில் இருக்கும் மூலவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், காகத்துக்குச் சோறு வைக்க ஒரு கூட்டம் நிற்கும். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் கேட்கவே வேண்டாம்.

சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள நம்பிக்கை. சனி பகவானின் ஊரிலேயே குடியிருப்பவர்கள் அதை இன்னும் கொஞ்சம் கண்டிப்பாகவே கடைப்பிடிப்பார்கள். லேப்டாப்பில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும்தான் அதிகம், அது இரும்புக் கணக்கில் வருமா என்று கேட்டால் பதில் சொல்ல ஜோசியருக்கே சிரமம்தான். "சனியைப் போலக் கொடுப்பவரும் இல்லை, கெடுப்பவரும் இல்லை" என்பார்கள். லட்ச ரூபாயை எடுத்துக்கொண்டு கேமிங் லேப்டாப் வாங்கக் கிளம்பும் வீட்டுக்கு அந்தச் சொல் அப்படியே பொருந்தும்.

பல வீடுகளில் முதல் லேப்டாப் அரசு கொடுத்ததுதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பிளஸ் டூ அக்காவுக்கோ, கல்லூரி அண்ணனுக்கோ வந்திருக்கும். எத்தனை ஜிபி, என்ன பிராசஸர் என்று யாரும் கேட்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, சரிதான். ஆனால், காசு கொடுத்து வாங்கும் மாட்டை?

அதில் இந்தப் பள்ளத்தாக்குக்காரர்களை யாரும் ஏமாற்ற முடியாது. ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று வாயைத் திறந்து பார்ப்பார்கள். சுழி எங்கே இருக்கிறது என்று முதுகைத் தடவுவார்கள். நாலு எட்டு நடக்கவிட்டுக் கால் ஊனமா என்று பார்ப்பார்கள். அதன்பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விதைநெல் வாங்கினாலும் அப்படித்தான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் பூமி இது. விதையில் தவறினால் ஒரு போகம் போய்விடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதே மனிதர் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து, சிவப்பும் நீலமுமாக மினுங்கும் கீபோர்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறார். 'பையன் பார்த்துக்குவான்' என்று நினைக்கிறார். பையனோ யூடியூபில் பார்த்த மாடல் பெயரை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான்.

குச்சனூரிலிருந்து அப்படி ஓர் அப்பாவும் மகனும் சென்னைக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்ளலாம். மகனுக்கு 3டி அனிமேஷன் படிப்பு. விளையாட்டு அதற்கு மேல் ஒரு போனஸ். அப்பாவின் மடியில் நெல் போட்ட காசு.

வழி இப்போது சுலபமாகிவிட்டது. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயில் நின்றதிலிருந்து தேனிக்காரர்கள் ரயிலை மறந்தே போயிருந்தார்கள். 2022 மே மாதம் மதுரையிலிருந்து தேனி வரைக்கும் அகலப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. 2023 ஜூன் மாதம் அது போடி வரை நீண்டது. அதோடு சென்னை சென்ட்ரலுக்கு நேரடி ரயிலும் வந்தது. மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், காட்பாடி என்று சுற்றிக்கொண்டு காலையில் சென்னை. தொடங்கியபோது அறிவித்த அட்டவணைப்படி போடியில் ஏறுவது ஞாயிறு, செவ்வாய், வியாழன் இரவுகளில். எந்த நாள் ஏறினாலும் சனிக்கிழமை சென்னையில் இறங்க முடியாது என்பதில் பெரியவர்களுக்கு ஒரு நிம்மதி!

சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கவர்ன்மென்ட் எஸ்டேட். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி ஸ்ட்ரீட். பக்கத்திலேயே நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும். ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பெயர்போன இடம், இன்று கேபிளிலிருந்து கேமிங் லேப்டாப் வரை எல்லாம் கிடைக்கும் சந்தை. மாடிப்படி ஏறினால் கேமிங் சாமான்களை மட்டுமே விற்கும் கடைகளும் உண்டு. இப்படிப்பட்ட கடையில் வாங்குவதில் லாபம் இருக்கிறது. விற்பவருக்கு விஷயம் தெரியும். எந்த மாடல் சூடாகும், எதில் ராம் கூட்டலாம் என்று வாயாலேயே சொல்லிவிடுவார். சிக்கலும் அங்கேதான். தெரிந்தவர் சொல்லாமல் விட்டது எது என்று தெரியாதவருக்குத் தெரியாது.

முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, வாட்!

போடி ஏலக்காய் தெரிந்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். எல்லாமே ஏலக்காய்தான், ஆனால் 8 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, பொடிக் காய்க்கு வேறு விலை. 'ஆர்டிஎக்ஸ் 4060' என்ற பெயரும் அப்படித்தான். லேப்டாப்பில் வரும் அந்த கிராபிக்ஸ் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓடும்படி தயாரிப்பாளர்கள் அமைத்துக்கொள்ள என்விடியா அனுமதிக்கிறது. ஒல்லியான லேப்டாப்பில் சூடு தாங்காது என்று குறைத்து வைப்பார்கள். தடிமனானதில் முழு அளவும் கொடுப்பார்கள். பெட்டியின் மேல் இரண்டுக்கும் பெரிய எழுத்தில் ஒரே பெயர்தான் இருக்கும். விளையாடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

"அண்ணே, இதுல கிராபிக்ஸ் எத்தனை வாட்?" என்று மகன் கேட்டால் போதும், கடைக்காரர் நிமிர்ந்து உட்காருவார். வாயால் சொல்வதோடு விட வேண்டாம். என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எவ்வளவு என்று காட்டச் சொல்லலாம். கூடவே கிராபிக்ஸ் மெமரியையும் கேட்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 4 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. டெஸ்க்டாப் 4070-ல் 12 ஜிபி. லேப்டாப் 4070-ல் 8 ஜிபிதான். 3டி வேலை செய்யும் பையனுக்கு இந்த எண் விளையாட்டு விஷயம் அல்ல.

அடுத்தது, வெளியூர்க்காரர்கள் கேட்கவே கேட்காத கேள்வி: "பெட்டியை ஏற்கெனவே திறந்துட்டீங்களா?"

கேமிங் கடைகளில் சகஜமாக நடப்பது இது. கம்பெனியிலிருந்து 8 ஜிபி ராமும் 512 ஜிபி எஸ்எஸ்டியுமாக வந்த லேப்டாப்பைத் திறந்து, 16 ஜிபி, 1 டிபி ஆக்கி, 'கஸ்டம்' என்று விற்பார்கள். தப்பே இல்லை, பல நேரம் கம்பெனி விலையைவிடக் குறைவாகவே முடியும். ஆனால், புதிதாகப் போட்ட ராம் எந்த பிராண்ட், அதற்கு யார் வாரண்டி, எத்தனை வருஷம்? ஒற்றை ராமாகப் போட்டிருக்கிறார்களா, ஜோடியாகவா? ஜோடியாக இருந்தால்தான் கேமில் முழு வேகம் கிடைக்கும். கம்பெனி சீல் உடைந்ததால் கம்பெனி வாரண்டிக்குப் பங்கம் வருமா, வராதா? முக்கியமாக, கழற்றிய பழைய ராமும் எஸ்எஸ்டியும் எங்கே? அதுவும் வாங்குபவரின் காசுதான். கையில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விலையில் கழிக்க வேண்டும்.

வாரண்டி என்ற சொல்லில் கடைக்குக் கடை அர்த்தம் மாறும். 'ஷாப் வாரண்டி' வேறு, 'கம்பெனி வாரண்டி' வேறு. பெட்டியில் உள்ள சீரியல் நம்பரை அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் அங்கேயே நின்று தட்டினால், வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியிருக்கிறது, இந்தியாவில் செல்லுமா என்று தெரிந்துவிடும். ஆறு மாதம் முன்பே தொடங்கியிருந்தால் அது டெமோ பீஸாகவோ யாரோ திருப்பிக் கொடுத்ததாகவோ இருக்கலாம். சார்ஜர் பின் நம்மூர் பிளக்கில் நுழையாமல் அடாப்டர் போட்டுத் தந்தால், சரக்கு வேறு நாட்டுக்கானது என்று சந்தேகப்படலாம். முறையாக விற்பனைக்கு வந்த பெட்டியில் எம்ஆர்பி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், புகார் எண் எல்லாம் அச்சாகியிருக்கும். லேப்டாப்புக்கு பிஐஎஸ் பதிவும் கட்டாயம். லேபிளில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டுச் சரிபார்க்க அரை நிமிடம் போதும்.

பழைய லேப்டாப் என்று சொல்லியே விற்றால் பேட்டரிதான் பல். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று அதில் வந்துவிடும்.

இதையெல்லாம்விட குச்சனூருக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு. சர்வீஸுக்கு யார் வருவார்கள்? சென்னைக்காரருக்குப் பழுதானால் பைக்கில் போய்க் கொடுத்துவிட்டு வருவார். குச்சனூர்க்காரருக்கு அது ஒரு இரவு ரயில், ஒரு பகல், மறுபடி ஒரு இரவு ரயில். "ஆன்சைட் சர்வீஸ் உண்டு சார்" என்று கடையில் சொல்வதை நம்பிக் கிளம்பாமல், கம்பெனியின் எண்ணுக்கு போன் போட்டு ஊர் பின்கோடைச் சொல்லி, "இந்த இடத்துக்கு ஆள் அனுப்புவீங்களா?" என்று கேட்டுவிட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். கேமிங் லேப்டாப் சார்ஜர்கள் பல 200 வாட்டைத் தாண்டும். கரன்ட் போன நேரத்தில் ரெண்டு ஃபேனும் நாலு லைட்டும் ஓடும் இன்வெர்ட்டரில் அதையும் சொருகினால் அம்மா சும்மா இருக்க மாட்டார். பேட்டரியில் ஓட்டினால் கேம் வேகமும் பாதியாகச் சுருண்டுவிடும்.

கடைசியில் வருவது பில் பேச்சு. "பில் வேண்டாம்னா ஒரு ரேட் போட்டுத் தர்றேன்ணே" என்று ஒரு குரல் வரலாம். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவிகிதம். வரியோடு ஒரு லட்சம் என்றால் அதில் 15,254 ரூபாய் வரி. அதில் பாதியைக் குறைத்தாலே அப்பாவின் மனது ஆடத்தான் செய்யும். ஆனால், அந்தத் தாள் இல்லாவிட்டால் அந்த லேப்டாப்பை இந்தக் கடையில்தான் வாங்கினோம் என்று நிரூபிக்கவே பெரும்பாடு. பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும் (தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும்), லேப்டாப்பின் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், மாற்றிய ராம், எஸ்எஸ்டி விவரமும் வாரண்டியும் எழுதியிருக்க வேண்டும்.

அந்தத் தாளுக்கு எவ்வளவு பலம் என்பது பலருக்குத் தெரியாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளோ, காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள்ளோ திரும்ப வாங்க மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம் ஒன்று: வாங்கிய கடை சென்னையில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது, ரிச்சி ஸ்ட்ரீட் சரக்குக்குத் தேனி நுகர்வோர் ஆணையத்திலேயே நியாயம் கேட்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்னை வந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் அடித்துப் பார்க்கலாம்.

அந்த அளவுக்குப் போகாமல் தவிர்க்க வழி, காலையிலேயே வாங்கிவிடுவது. மதியத்துக்குள் பணம் கட்டிவிட்டு, கடையிலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து, கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். ஃபேன் எப்படி இரைகிறது, சூடு எத்தனை டிகிரி போகிறது, பத்தாவது நிமிடம் இருந்த வேகம் முப்பதாவது நிமிடமும் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஸ்கிரீனை முழுக் கறுப்பாகவும் முழு வெள்ளையாகவும் மாற்றி ஏதாவது புள்ளி செத்திருக்கிறதா என்று தேடலாம். விண்டோஸ் 'ஆக்டிவேட்டட்' என்று காட்டுகிறதா, எல்லா யுஎஸ்பி துளையும் வேலை செய்கிறதா என்று அப்பாவே ஒரு பென் டிரைவை மாற்றி மாற்றிச் சொருகிப் பார்க்கலாம். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார், டீ சொல்லி அனுப்புவார்.

திங்கட்கிழமை காலை இறங்கியவர்களுக்கு போடி ரயில் அன்று இரவுதான். அதுவரை நேரம் இருக்கிறது.