அழுத்தம் தவறிய அசை

டில்லிக்கு வந்த புதிதில், மாலைப் பொழுதை வீணாக்கலாகாது என்றெண்ணி இத்தாலிய மொழி வகுப்பிலே சேர்ந்தேன். ஆரம்பத்தில் எனக்குக் கர்வம் என்றே சொல்ல வேண்டும். அம்மொழியில் வினையின் விகுதியே பேசுகிறவர் யாரென்று காட்டிவிடும். 'நான்', 'அவர்' என்று தனியே சொல்லத் தேவையில்லை. நம் 'வந்தேன்', 'வந்தார்' போலத்தானே! அசை பிரிப்பதும் எளிதாகவே தோன்றிற்று. 'வைக்கிறேன்' என்பது மெத்தோ; அது மெத்-தோ என்று பிரியும். முத்து, பத்து என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இதிலென்ன கஷ்டம்? 'காத்திருக்கிறேன்' என்பதில் மட்டும் சற்றே தடுமாறினேன். அது அ-ஸ்பெத்-தோ. நாமாயிருந்தால் 'ஸ்' என்ற மெய்யை முந்திய அசையோடு சேர்த்திருப்போம். அவர்களோ பிந்தியதோடு சேர்க்கிறார்கள்.

கர்வம் அடங்கியது அழுத்தத்தில்தான். 'தொலைபேசியில் பேசுகிறோம்' என்பதற்குத் தெ-லெ-ஃபோ-நியா-மோ. ஈற்றயல் அசையான 'நியா'வை அழுத்த வேண்டும். 'பேசுகிறார்கள்' என்றாலோ தெ-லெ-ஃபோ-ந-நோ. அழுத்தம் கடைசியிலிருந்து நான்காம் அசைக்கு, அதாவது 'லெ'க்கு ஓடிவிடுகிறது! கடைசி அசையிலேயே அழுத்தம் விழுந்தால் எழுத்தின் தலையில் ஒரு கோடு இடுவார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒரு குறியும் இராது. நான் அந்தக் கோட்டைப் பேனா சிந்திய மை என்றே எண்ணியிருந்தேன்.

வாய்மொழித் தேர்வு வந்தது. "உம் தகப்பனாரைப் பற்றிச் சொல்லும்" என்றார் ஆசிரியர். அப்பா காலமாகி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. ரயில்வேயில் 30 ஆண்டுகள் வேலை செய்தார் என்று சொல்ல விரும்பி, 'லவோரோ' என்று தொடங்கினேன்.

"நீரா? 30 ஆண்டுகளா?" என்று ஆசிரியர் புருவத்தை உயர்த்தினார். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

விஷயம் இதுதான்: நடு அசையை அழுத்தினால் 'வேலை செய்கிறேன்', கடைசி அசையை அழுத்தினால் 'வேலை செய்தார்'. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. அப்பாவின் உழைப்பையெல்லாம் ஓர் அசையில் என்னுடையதாக்கிக் கொண்டேன்!

ஆசிரியர் சிரிக்கவில்லை. பலகையில் அச்சொல்லை எழுதி, ஈற்றெழுத்தின் மேல் கோட்டை இட்டு, "மறுபடியும்" என்றார். கடைசி அசையை அழுத்திச் சொன்னேன். குரல் சற்றுக் கம்மிற்று.

பிறகு அம்மாவைப் பற்றிக் கேட்டார். அது நிகழ்காலம், அழுத்தம் தானாகவே சரியான இடத்தில் விழுந்தது.