மண்டாவாவின் சுண்ணாம்புச் சுவர்கள்

மண்டாவா போகிறவர்கள் ஓவியங்களை அண்ணாந்து பார்த்தபடியே தெருத்தெருவாக நடக்கிறார்கள். எனக்கோ அந்த ஓவியங்களைத் தாங்கி நிற்கும் பூச்சைப் பார்க்க வேண்டும், அதை இன்றும் பூசத் தெரிந்தவரோடு ஒரு பொழுதாவது உட்கார வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

ராஜஸ்தானின் ஷேகாவதி வட்டாரத்தில், ஜுன்ஜுனு மாவட்டத்து ஊர் இது. 1755-இல் தாக்கூர் நவல் சிங் கட்டிய கோட்டை இப்போது ஓட்டலாகிவிட்டது. அதைச் சுற்றி மார்வாடி வணிகர்களின் ஹவேலிகள் எனும் மாளிகைகள். ஒட்டகச் சரக்கில் சம்பாதித்த குடும்பங்கள், 19-ஆம் நூற்றாண்டில் வியாபாரம் துறைமுகங்களுக்கு நகர்ந்ததும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ஆண்களை அனுப்பின. அங்கே ஈட்டிய பணம் இங்கே வீடாக எழுந்தது. பெண்டு பிள்ளைகள் இங்கேயே இருந்தார்கள். சுவரில் கிருஷ்ண லீலை, டோலா மாரு காதல் கதை, யானை, ஒட்டகம். போகப்போக ரயிலும் மோட்டார் காரும் சேர்ந்துகொண்டன. நேவாட்டியா ஹவேலியின் வெளிச்சுவரில் ரைட் சகோதரர்களின் விமானமே பறக்கிறது. பக்கத்தில் ஒரு பையன் டெலிபோனில் பேசுகிறான்.

வரைந்தவர்கள் செஜாராக்கள். பெரும்பாலும் குயவர் குலத்தவர். வீட்டைக் கட்டிய கொத்தனாரே ஓவியரும். கட்டுவித்த செல்வச் சீமான் யாரென்று ஊரே சொல்கிறது; வரைந்தவர் பெயர் அநேகமாக எந்தச் சுவரிலும் இல்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

கோட்டைக்குப் பின்தெருவில் ஒரு ஹவேலியின் வெளிமுற்றத்தில் பழுதுவேலை நடந்துகொண்டிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவர், எடுபிடிக்கு ஒரு பையன். ஓரத்தில் வரிசையாக மண்பானைகள். மூடியைத் திறந்து காட்டினார். வெண்ணெய் மாதிரி சுண்ணாம்பு. நீற்றி, தயிர் சேர்த்து, தெளிந்த நீரை மாற்றி மாற்றி மாதக்கணக்கில் ஊறவிட்டது. "புதுச் சுண்ணாம்புல சூடு இருக்கும். சூடு போகாம பூசினா வெடிச்சிரும், பாய் சாஹிப்" என்றார்.

கீழே கரடான பூச்சு, அதன்மேல் நைசானது, கடைசியில் பளிங்குத்தூள் கலந்த மெல்லிய பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே வண்ணம் வைக்க வேண்டும். ஒரு நாளில் எவ்வளவு வரைந்து முடிக்கலாமோ அவ்வளவுதான் பூசுவார்கள். அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு முழ அகலம், கொடியும் மயிலும். வெளிக்கோட்டைக் கீறினார். கல்லில் அரைத்த காவியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் குழைத்து மயிலின் கழுத்தில் இட்டார். பிறகு சின்னக் கரணையை எடுத்து, அதன் முதுகால் தட்ட ஆரம்பித்தார். இழுக்கவில்லை, அழுத்தவில்லை, லேசாக, விடாமல் தட்டல். வண்ணத்தின் ஈரம் மேலே கசிந்து மினுங்கியது, பின் உள்ளே வாங்கியது. விரலை வைத்துப் பார்த்தார். ஒட்டியது. மறுபடி தட்டினார். விரலில் ஒட்டாத நிலை வந்ததும் அகேட் கல்லால் தேய்ப்பு. சுவரில் கண்ணெதிரே பளபளப்பு ஏறியது. கடைசியாகத் தேங்காய்த் துருவலைத் துணியில் முடிந்து ஒற்றினார். மெருகுக்கு அந்த எண்ணெய்ப் பசை.

வண்ணத்தைச் சுவரில் ஒட்டவைக்கக் கோந்து எதுவும் இல்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாக இறுகும்போது வண்ணத்துகளையும் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. பாலைவன வெயிலையும் புழுதிக் காற்றையும் தாங்கி நூறு, நூற்றைம்பது ஆண்டு நிற்கிற ரகசியம் அதுதான். உள்ளறைகளில் காய்ந்த சுவரில் வரைந்தவை நுணுக்கத்தில் ஒரு படி மேல்; ஆனால் கை பட்டால் உதிரும். வண்ணங்களும் கொஞ்சம்தான்: விளக்குக் கரி, சுண்ணாம்பு வெள்ளை, காவி, மஞ்சள் மண், அவுரி நீலம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மன் ரசாயன வண்ணங்கள் வந்தபிறகு நீலமும் சிவப்பும் கண்ணைப் பறிக்கின்றன. எனக்குப் பழைய காவியே பிடித்திருக்கிறது.

இரண்டு வீடு தள்ளி ஒரு ஹவேலியை விடுதியாக்கியிருக்கிறார்கள். உடைந்த இடத்தில் சிமென்ட் வைத்து, மேலே பிளாஸ்டிக் பெயின்ட். புதிதில் நன்றாகத்தான் இருந்திருக்கும். சிமென்ட் ஈரத்தை மூச்சுவிட விடாது. உப்பு பக்கத்துப் பழைய பூச்சு வழியே வெளியேறி அதையும் உரிக்கிறது. கிருஷ்ணனின் குழலோடு சேர்ந்து ஒரு சாண் பூச்சு உப்பிப்போய் நின்றது. பார்க்க வயிறு எரிந்தது. இடிந்த ஹவேலியைக்கூட ஏற்கலாம். இப்படி 'அழகுபடுத்திய' சுவருக்கு மீட்சி கிடையாது.

முதலாளிகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஒரு வீட்டுக்குப் பத்திருபது வாரிசு, கொல்கத்தாவிலும் மும்பையிலும். சாவி காவல்காரரிடம். வேலை தெரிந்த கைகளும் ஊரில் தங்குவதில்லை: கொத்தனாரின் தம்பி மகன் சுண்ணாம்பு வேலை தெரிந்தவன். வளைகுடாவில் டைல்ஸ் ஒட்டுகிறான். இந்த வட்டாரத்து வாலிபர்கள் பலருக்கும் அதுதான் வழி.

கிளம்பும்போது கொத்தனார் காகிதத்தில் வீட்டு முதலாளியின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். "நீங்க படிச்சவர். சேட்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கல்யாண சீசனுக்குள்ள முடிக்கணும்கிறார். ஹோலி வரைக்கும் டைம் கொடுத்தா சுண்ணாம்பிலேயே முடிச்சிருவேன். இல்லேன்னா பெயின்ட் அடிக்க வேற ஆளை வெச்சிருவாங்க."

அன்று இரவே மும்பையில் இருக்கும் சேட்டிடம் பேசினேன். கரணை தட்டுவதில் தொடங்கி உப்பு பூப்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். வெளிமுற்றத்துக்கு மட்டும் ஹோலி வரை பொறுப்பதாகச் சொன்னார். தெருவைப் பார்த்த சுவரைப் பற்றிக் கேட்டேன். அண்ணனிடம் கலந்து பேச வேண்டும் என்றார்.