பழைய விளையாட்டுக்குப் புது விலை

"விளையாடி முடிச்சதுக்கு மறுபடியும் எதுக்குடா காசு?" பகாவ் பக்கம் தோட்டத்தில் என்னோடு வளர்ந்த நண்பனின் கேள்வி. நியாயமான கேள்விதான். நாங்கள் பசார் மாலாம் சிடியில் விளையாடியவர்கள். அசலுக்கே காசு கொடுத்ததில்லை.

2021 நவம்பரில் ஜிடிஏ-வின் மூன்று பழைய ஆட்டங்களைப் புதுப்பித்து 60 டாலருக்கு விற்றார்கள். 2004-இல் வந்த 'சான் அண்ட்ரியாஸ்'-இல் தூரமெல்லாம் பனிமூட்டமாக இருக்கும். அன்றைய பிளேஸ்டேஷனால் அவ்வளவு தூரம் வரைந்து காட்ட முடியாது. அதை மறைக்கப் போட்ட மூட்டம். ஆனால் அதனால்தான் அந்த உலகம் முடிவே இல்லாததுபோல் இருந்தது. புதுப்பித்தவர்கள் மூட்டத்தை எடுத்தார்கள். மலையுச்சியில் நின்றால் அடுத்த நகரம் பக்கத்து லயம் மாதிரி தெரிந்தது. இதைவிட மோசம், பழைய பதிப்புகளை இணையக் கடைகளிலிருந்தே தூக்கியது. ரசிகர்கள் கொதித்த பிறகுதான் மன்னிப்புக் கேட்டுக் கணினிப் பதிப்பைத் திருப்பித் தந்தார்கள்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' வேறு கதை. 1999-இல் வந்தபோது அதில் இந்திய நாகரிகம் ஒன்றுகூட கிடையாது. 2019-இல் புதுப்பதிப்பு 20 டாலருக்கு வந்தது. அதைச் செய்த முக்கியக் குழுவே ரசிகர் கூட்டமாகத் தொடங்கியதுதான். 2022-இல் இன்னொரு 10 டாலருக்குத் திராவிடர்கள் வந்தார்கள், கூடவே இராஜேந்திர சோழனும். 1025-இல் கடாரம் வென்றவன் என்று நாம் கேட்டு வளர்ந்த அதே பெயர்.

என் கணக்கு இதுதான். பளபளப்புக்குத் தனி விலை கிடையாது. அன்று விடுபட்டதைச் சேர்த்திருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். மூட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு 60 டாலர் கேட்டால், ஆஃபர் வரட்டும், பார்க்கலாம்.