யாருக்குப் போதும்?

என் பெரியத்தையின் பெயருக்கு அர்த்தம் தேட அகராதி வேண்டாம். அவர் பெயர் போதும்பொண்ணு. மூன்று அக்காக்களுக்குப் பிறகு நான்காவதாகப் பிறந்தவர். அவருக்கு அடுத்துப் பிறந்தவர் என் அப்பா. அதனால் எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயர் பலித்த பெயர். "அவ வந்த ராசி, ஆம்பளப் பிள்ளை பொறந்துச்சு" என்று அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, அப்பாவை ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்தார்கள். என் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியல் அப்பாவுடையது. அத்தை பெயர் பலித்ததற்கு அத்தாட்சிபோல அது என் எல்லாச் சான்றிதழ்களிலும் இருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. போதுமணி என்று கொஞ்சம் மெருகேற்றி வைப்பார்கள். வேண்டாம் என்றே வைத்த ஊர்களும் உண்டு. திருத்தணிக்குப் பக்கத்து நாராயணபுரத்தில் அந்தப் பெயரில் பல பெண்கள் இருப்பதாக 2019-இல் செய்தி வந்தது. படிப்பவர்கள் ஏதோ தொலைதூரத்து விநோதம்போலப் பகிர்ந்தார்கள். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வருகைப் பதிவேட்டில் ஒரே வகுப்பில் இரண்டு பேரை 'போதும்' என்று அழைத்திருக்கிறேன். "உள்ளேன் டீச்சர்" என்று அவர்கள் எழுந்து நிற்கும்போது பையன்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வரும். தினமும் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1986-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையால் எங்கள் ஊர்ப் பெயர் நாடெங்கும் தெரிந்தது, கள்ளிப்பாலோடு சேர்ந்து. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் அதே கொடுமைக்காகத்தான். அப்படிப்பட்ட மண்ணில் போதும்பொண்ணு என்று பெயர் வாங்கியவள், உயிரோடு விடப்பட்டவளும்கூட. பெயரில் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பால் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பெயரைத் திட்டும்போதெல்லாம் இது என் தொண்டையில் வந்து நிற்கும். இப்போது பதிவேட்டில் அந்தப் பெயர் அநேகமாக இல்லை. நல்ல காலம் வந்துவிட்டது என்று முழுதாக மகிழவும் முடியவில்லை. வயிற்றுக்குள் இருக்கும்போதே என்ன குழந்தை என்று சொல்வது 1994-இன் சட்டப்படி குற்றம். சட்டம் போடுகிற அளவுக்கு ஸ்கேன் அறைகளில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறக்கவே விடாதவளுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை.

மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்தில் இதே பெயர் 'நகுசா', 'நகுஷி' என்று இருந்தது. வேண்டாதவள் என்று பொருள். 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்து 285 சிறுமிகளுக்குப் பெயர் மாற்றியது. சிலர் சினிமா நடிகைகளின் பெயரை எடுத்துக்கொண்டார்களாம். எனக்கு அது பிடித்திருந்தது. ஹரியானாவில் 'அந்திம்', அதாவது கடைசி. நான்காவது பெண்ணாகப் பிறந்த அந்திம் பங்கால், 2022-இல் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக மல்யுத்தப் போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். "பெயரைப் பொய்யாக்கிய மகள்" என்ற தொனியில் எல்லோரும் கொண்டாடினார்கள். நானும் கைதட்டினேன். ஆனால் பெற்றவர்கள் போட்ட பெயரைப் பொய்யாக்க ஒரு பெண் உலகச் சாம்பியனாக வேண்டும் என்றால், சாம்பியன் ஆகாத நகுசாக்கள் என்ன செய்வார்கள்?

இப்போது எல்லோரும் அர்த்தம் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள். கைப்பேசியில் தட்டினால் ஆயிரம் பெயர்கள் பொருளோடு வருகின்றன. அந்தப் பட்டியல்களைப் பொறுமையாக ஒருநாள் படித்துப் பாருங்கள். பையன்கள் பக்கம் வெல்பவன், ஆள்பவன், ஒளி, அறிவு. பெண்கள் பக்கம் அழகானவள், மென்மையானவள், பிரியமானவள், பூ, கொடி, மறுபடியும் பூ. விஜயாவும் ஜெயந்தியும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால் பூக்கடைதான். புராணப் பெயர்கள் வேறு வகை. ஜானகி என்றால் ஜனகனின் மகள். மைதிலி மிதிலைக்காரி, வைதேகி விதேக நாட்டுக்காரி, திரௌபதி துருபதனின் மகள், பாஞ்சாலி பாஞ்சால நாட்டுக்காரி. இனிஷியலே பெயராகிவிட்ட பெண்கள்! ஜானகிக்கென்று தனியாக இருந்த பெயர் சீதை. அதற்கு ஏர் கீறிய சால் என்று பொருள். அப்பா பெயர் இல்லாத, மண்ணின் பெயர். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகளின் முகத்தில் ஒரு மாற்றம் வரும். தம் பெயர்களை உடனே பிரித்துப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

சமஸ்கிருதத்தில் பெண்ணைக் குறிக்கும் சொற்களில் ஒன்று அபலா. பலமில்லாதவள். தமிழில் அதைத்தான் அபலை என்கிறோம். இதை யாராவது பெயராக வைப்பார்களா என்று கேட்கலாம். வைத்திருக்கிறார்கள். விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸின் மனைவி பெயர் அபலா. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காத காலத்தில், 1882-இல், மருத்துவம் படிக்க நம்முடைய சென்னைக்கு வந்தவர். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. பின்னாளில் வங்காளத்தில் பெண்கல்விக்காகவும் விதவைகளுக்காகவும் உழைத்தார். பலமில்லாதவள் என்று பெயர் வைத்த மகளை அத்தனை தூரம் படிக்க அனுப்பவும் ஒரு வீடு இருந்திருக்கிறது. அர்த்தம் அகராதியில் மட்டும் இல்லை என்று சொல்லத்தான் இத்தனையும். என்ன நினைத்து வைக்கிறார்கள் என்பதில் பாதி இருக்கிறது.

இது எனக்கு உறைத்தது, என் தங்கைக்கு மூன்றாவதும் பெண் பிறந்தபோது.

ஐப்பசி மழை. அரசு மருத்துவமனையில் பிரசவம். சேதி கேட்டுத் தங்கையின் மாமியார் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலமே மாப்பிள்ளை கைப்பேசியில் நட்சத்திரம் பார்த்துவிட்டார். அஸ்தம். அதற்குரிய எழுத்துகள் பூ, ஷ, ண, ட. இந்த நான்கில் பூ தவிர மற்ற மூன்றும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள் என்று நான் இலக்கணம் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மாமியார்தான் பெயரை எடுத்துக் கொடுத்தார், பூரணி. மாப்பிள்ளை உடனே தட்டிப் பார்த்தார். முழுமையானவள், அன்னபூரணி, அம்பாள் பெயர். எழுத்தும் பொருந்துகிறது. எல்லோருக்கும் திருப்தி. என் அம்மாவுக்குக்கூட.

நல்ல பெயர்தான். பூரணிகள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மங்களம், சம்பூர்ணம் என்றெல்லாம் நாலாவது ஐந்தாவது பெண்ணுக்கு ஏன் வைத்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். கச்சேரி முடிகிறபோது பாடுவது மங்களம். படித்த வீடுகளின் போதும்பொண்ணு அது. பட்டுப்புடவை கட்டியிருக்கும், அவ்வளவுதான். மாமியாரும் மறைக்கவில்லை. "இத்தோட பொண்ணு பூர்த்தியாகணும்னுதான். அடுத்தது பையன்" என்றார்.

அடுத்தது. அந்தச் சொல் வரும்வரை எனக்கும் விளங்கவில்லை. போதும்பொண்ணு என்ற பெயருக்கு, பிள்ளை பெற்றது போதும் என்று பொருள் இல்லை. பெற்ற பெண்கள் போதும், பையன் வரும்வரை பெற்றுக்கொண்டே இரு என்று பொருள். தடுப்பது மகளை, உத்தரவு தாய்க்கு. குழந்தையின் பெயரைச் சொல்லி ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அந்த உத்தரவு அவள் காதில் விழும்.

தங்கைக்கு ரத்தசோகை. இரண்டாவது பிரசவத்திலேயே ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், மாமியார் டீ வாங்கப் போனதும் சொன்னாள்:

"அக்கா, போதும்னா எனக்குத்தான் போதும். அதைச் சொல்ல ஆபரேஷன் இருக்கு. பிள்ளை பேரு எதுக்கு?"

மறுநாள் கருத்தடைக்குக் கையெழுத்துப் போட்டாள். சட்டப்படி அதற்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை. ஆனால் கணவரைக் கேட்டீர்களா என்று வார்டில் மூன்று பேர் கேட்டார்கள். மாப்பிள்ளை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மூத்தவளையும் நடுவிலாளையும் கூட்டிக்கொண்டு வந்து, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பயந்தது மகள்களுக்கு அல்ல, அம்மாவுக்கு என்று எனக்குத் தோன்றியது.

பெரியத்தை பார்க்க வந்தார். நடந்ததைச் சொன்னோம். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லவேளை, எங்க ஆத்தா காலத்துல ஆபரேஷன் இல்ல. இருந்திருந்தா உங்க அப்பன் ஏது, நீங்க ஏது?" என்றார். பிறகு, பெயரை மாற்றிக்கொள்ளத் தோன்றியதில்லையா என்று கேட்டேன். அரசிதழில் வெளியிட்டு மாற்றலாம், நானே விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்றேன்.

"மாத்தி? ரேஷன் அட்டை, ஆதாரு, நூறு நாள் வேலை அட்டை, பேங்கு புக்கு, எல்லாத்துலயும் அலையுறதுக்கா? அறுபத்தெட்டு வயசுல புதுப் பேரு வச்சா கூப்பிட யாரு இருக்கா தாயி?"

கொஞ்ச நேரம் கழித்து, குழந்தையின் பாதத்தைத் தடவிக்கொண்டே, "பள்ளிக்கூடத்துல வச்சுச் சிரிப்பாங்க. அது மட்டும் கஷ்டமா இருக்கும்" என்றார். இத்தனை வருடங்களில் அதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை உடனே பதிய வேண்டியதில்லை என்பது பல பேருக்குத் தெரியாது. பெயர் இல்லாமலே சான்றிதழ் வாங்கலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் கட்டி, 15 வருடம் வரை. தங்கை அந்த இடத்தைக் காலியாகவே விட்டாள். ஐந்து மாதம் வெறும் பாப்பா. மாமியார் மட்டும் பூரணி என்று கூப்பிட்டார். ஒருநாள் தங்கை என்னிடம் கேட்டாள், யாருடைய மகள் என்றும் இல்லாமல், அழகு என்றும் இல்லாமல் ஒரு தமிழ்ப்பெயர் சொல்லு என்று. நான் ஏழெட்டுச் சொன்னேன். எழிலி என்பதை எடுத்துக்கொண்டாள். மேகத்துக்குச் சங்க காலத்துப் பெயர். மழையில் பிறந்தவள், அவ்வளவுதான் காரணம். நட்சத்திர எழுத்து பொருந்தவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். மூத்தவள் இரண்டுக்கும் பொருந்திய எழுத்தில்தானே வைத்தோம் என்று கேட்டாள். அவர் அதற்குமேல் பேசவில்லை.

நகராட்சி அலுவலகத்துக்கு நானும் துணைக்குப் போனேன். படிவத்தைப் பார்த்த ஊழியர், "மூணும் பொண்ணாம்மா?" என்றார். பிறகு, "எழில்னா அழகு. நல்ல பேரு" என்றார்.

"எழில் இல்ல சார், எழிலி. மேகம்" என்றாள் தங்கை.

அவர் ஆங்கிலத்தில் 'ழி'க்கு வெறும் 'எல்' போட்டுவிட்டார். அதைத் திருத்தி 'இசட்-எச்' போடச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று, அச்சாகி வந்ததும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தங்கை கையெழுத்துப் போட்டாள். வீட்டில் மாமியார் இன்னும் பூரணி என்றுதான் கூப்பிடுகிறார். குழந்தை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறாள்.