அசல் என்று சொன்னேன்

நான் அணியும் அகல விளிம்புத் தொப்பி காகிதத்தால் ஆனது. காகிதத்தை நூலாக முறுக்கி இயந்திரத்தில் பின்னியது. சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில் பேரம் பேசி 450 ரூபாய்க்கு வாங்கினேன். இதைத்தான் இத்தனை காலமும் அசல் பனாமா தொப்பி என்று சொல்லி வந்திருக்கிறேன். கேட்டவர்களிடம் மட்டுமல்ல, கேட்காதவர்களிடமும்.

வாங்கும்போது எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. பாளையங்கோட்டை வெயிலுக்கு 3 அங்குல விளிம்பு நல்லதாயிற்றே என்று வாங்கினேன். முதன்முதலாக அதோடு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, “சார், குதிரையை எங்கே கட்டிட்டு வந்தீங்க?” என்றார் ஒருவர். ஓய்வுபெறும் வயதில் இருந்த இன்னொருவர், கர்ணன் இயக்கிய ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ கௌபாய் படங்களின் ஜெய்சங்கரே நேரில் வந்துவிட்டதாக எழுந்து நின்று கும்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கு அது வராது. “இது பனாமா சார். ஈக்வடார்ல கையால பின்னினது” என்றேன். எங்கோ வாரப் பத்திரிகையில் படித்த ஒற்றை வரி அது.

சிரிப்பு நின்றது. கும்பிட்டவரே தொப்பியை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மரியாதை எனக்குப் பிடித்துவிட்டது.

பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே, அதற்காகப் படிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு ஊன்றிப் படித்ததில்லை. ஈக்வடாரின் கடற்கரைப் பக்கம் வளரும் தொக்கீயா என்ற செடிதான் மூலப்பொருள். இலை பனைபோல் விரியும், ஆனால் பனைக் குடும்பம் அல்ல. விரியுமுன் குருத்தாகவே வெட்டி, பச்சைத் தோலை உரித்து, உள்ளிருக்கும் நாரை வேகவைத்து உலர்த்துகிறார்கள். வெளுக்கக் கந்தகப் புகை காட்டுகிறார்கள். பின்னல் உச்சியின் நடுவில் தொடங்கி, வளையம் வளையமாக விளிம்பை நோக்கி இறங்கும். தரத்தைப் பொறுத்து ஒரு தொப்பிக்கு ஒரு நாளும் ஆகலாம், 8 மாதமும் ஆகலாம். மிக நுண்ணிய பின்னலுக்குப் பிலே என்ற சிற்றூர் பெயர்பெற்றது. காற்றில் ஈரம் இருந்தால்தான் நார் வளைந்து கொடுக்கும் என்பதால் வெயில் ஏறுமுன் பின்னுவார்கள். இந்தக் கைவேலையை யுனெஸ்கோ 2012இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இத்தனையும் உண்மை. ஆனால் எதையும் அறிவதற்காகப் படிக்கவில்லை. ஒவ்வொன்றும் என் பொய்க்கு முட்டுக்கொடுத்தது.

கல்யாண வீடுகளில் நான் அதிகம் பயன்படுத்தியது பெயர்க் கதையை. “பனாமா தொப்பி எந்த நாட்டுல செய்யுறாங்க?” என்று கேட்பேன். எதிராளி “பனாமா” என்பார். அதற்குத்தானே காத்திருந்தேன்! ஈக்வடார் தொப்பி பனாமா வழியாக ஏற்றுமதியானது, 1849இல் கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் போனவர்கள் பனாமாவைக் கடக்கும்போது வாங்கிப் போனது, 1906 நவம்பரில் கால்வாய் வேலையைப் பார்வையிட வந்த அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதை அணிந்து படம் எடுத்துக்கொண்டது என்று அடுக்குவேன். கடைசியில் என் தொப்பியைக் கழற்றி, உச்சியைக் கிள்ளாமல் விளிம்பைப் பிடித்து, மேசைமேல் கவிழ்த்து வைப்பேன். உச்சியைக் கிள்ளினால் அசல் நார் நாளடைவில் வெடிக்கும். காகிதத்துக்கு அந்த மரியாதை தேவையே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் உடன்குடிப் பக்கத்துக்காரன். பக்கத்து மணப்பாட்டில் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைவதைப் பார்த்து வளர்ந்தவன். ஒரு பொருள் கையால் முடைந்ததா இல்லையா என்று தொட்டே சொல்வேன். திருவிழாக் கடையில் பனையோலைத் தொப்பியும் விற்கும். வெயிலை அது இன்னும் நன்றாகவே தடுக்கும். அதை அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போக எனக்கு வெட்கம். தூர தேசத்து ஓலையின் காகிதப் போலியைப் போட்டுக்கொள்ள வெட்கமில்லை.

இதுவரை சொன்னதை ஜம்பம் என்று மன்னித்துவிடலாம். இனி வருவதை முடியாது.

என் மனைவியின் தம்பி என் தொப்பியில் மயங்கி, தீபாவளி போனஸில் இணையத்தில் ஒன்று வாங்கினான். 6,000 ரூபாய். பெட்டியோடு என்னிடம் கொண்டுவந்து, “அத்தான், நீங்க பாத்துச் சொல்லுங்க. ஏமாந்துட்டேனா? ஒரு வாரத்துக்குள்ள திருப்பி அனுப்பலாம்” என்றான். கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. அசல் நார் தட்டையாக இருக்கும், இழைக்கு இழை நிறம் சற்றே மாறும். இதுவோ அச்சில் வார்த்த மாதிரி ஒரே சீராக முறுக்கிய காகித நூல். போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் எதை வைத்துச் சொல்கிறேன் என்று காட்ட வேண்டும். காட்டினால், சுவரில் மாட்டியிருந்த என் தொப்பியிலும் அதே முறுக்கை அவன் பார்ப்பான். “அசல்தான் மாப்ளே” என்றேன். ஒரு வாரம் கழிந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் அது நனைந்து, விளிம்பு தொய்ந்து ஊறிப் பிரிந்துபோனது. “நான்தான் சரியா வச்சுக்கலை போல, அத்தான்” என்று வருத்தப்பட்டான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பராமரிப்பு பற்றி வகுப்பெடுத்தேன். நனைந்தால் நிழலில் உலர்த்த வேண்டும், சுருட்டிச் சுருட்டி வைத்தால் மடிப்பில் நார் ஒடியும், ரொம்பக் காய்ந்தாலும் நொறுங்கும் என்றெல்லாம். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். தப்பு தன்னுடையது என்று நம்பிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

கேலிக்குப் பயந்து சொன்ன பொய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். அது சரியில்லை. கேலி ஒரு நாளில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் மரியாதைக்கு ஆசைப்பட்டுச் சொன்னது. தம்பி விஷயத்தில், அந்த மரியாதைக்கு 6,000 ரூபாய் விலை கொடுத்தவன் அவன். இதை எழுதும்போதுகூடத் தொக்கீயா, ரூஸ்வெல்ட் என்று விரித்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பாருங்கள்.

பணத்தைத் திருப்பித் தருவது கைப்பேசியில் ஒரு நிமிட வேலை. எதற்கு என்று அவன் கேட்பானே!

எழுதி முடித்ததை மனைவியிடம் காட்டினேன். தொப்பி விஷயம் அவளுக்கு முன்பே தெரியும், தம்பியின் விஷயம் தெரியாது. வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் நேர்ல சொல்லுங்க. அப்புறம் இதைப் பத்திரிகைக்கு அனுப்புங்க” என்றாள்.

கட்டுரையை முதலில் அனுப்பிவிட்டேன்.